ஏட்டுச் சுரைக்காய்க்கு விலை சொல்பவர் யார்?

கேள்வி: சிறுதொழில் செய்பவருக்குப் பயிற்சி வகுப்பு போதாதா? தனியாக ஒரு வழிகாட்டி எதற்கு?

பதில்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; நல்ல சுரைக்காய் எங்கே மலிவு என்று சொல்ல ஆள் வேண்டும். கென்யாவின் நைரோபியில், டன்டோரா பகுதியில் சிறுதொழில் நடத்தும் பெண்களிடம் பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வகுப்பில் படித்தவர்களின் லாபம் நிலைத்து உயரவில்லை. அதே வட்டாரத்தில் வெற்றிகரமாகத் தொழில் நடத்தும் ஒரு பெண்ணை வழிகாட்டியாகப் பெற்றவர்களின் லாபமோ சராசரியாக 20 சதவீதம் கூடியது. மலிவான சரக்குக்காரரைப் பாடப்புத்தகம் காட்டாது, பக்கத்துத் தெருக்காரர் காட்டுவார். சந்திப்புகள் நின்றதும் பலனும் தேய்ந்ததே என்பீர்கள், உண்மைதான். சந்தை நாளுக்கு நாள் மாறும்போது நேற்றைய விவரம் இன்று செல்லாது. அதனால்தான் சொல்கிறேன்: வழிகாட்டி விருந்தாளிபோல் வந்து போகாமல், அண்டைவீட்டாராய்க் கூடவே இருக்கட்டும்.