வலைக்கு ஏற்ற வைன்

உலகத்துப் பானங்களையெல்லாம் ஆயுளைக் கொண்டு வகுப்பதாயின், எங்கள் தன்னாமுனைத் தென்னங்கள்ளை ஒரு கோடியிலும் பிரெஞ்சுக்காரரின் சிவப்பு வைனை மறுகோடியிலும் வைக்க வேண்டும். காலையில் இறக்கிய கள் நாளைக்கு வினாகிரியாகிவிடுமே என்றஞ்சி அன்றைக்கே அதனைத் தீர்த்துவிடுவதைத் தர்மமாகக் கொண்ட சமூகத்தின் நடுவே, பாரிஸ் லாச்சப்பலில் வசிக்கும் என் மருமகன், பத்து வருஷத்துக்கு முன் திறக்கவே படாது என்று சொல்லிக்கொண்டு இரண்டு போத்தல்களை மேசைமேல் வைத்தது எனக்குச் சம்பிரதாய விரோதமாகவே பட்டது.

வைன் எங்களூருக்குப் புதிதன்று. 1895இல் இப்பிரதேசத்துத் திருச்சபைப் பணியை ஏற்று வந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் ஷாம்பேன் மாகாணத்தவர். அந்தப் பெயருடைய மது விளையும் மண்ணை விட்டுக் கள்ளு விளையும் மட்டக்களப்புக்கு வந்த அவர்களது தியாகத்தை நம் சரித்திரகாரர் இன்னும் சரிவர மதிப்பிடவில்லை என்பது என் கட்சி. பூசைக்குரிய திராட்சை இரசம் கெட்டுப்போகாததாய் இருக்க வேண்டுமென விதிக்கும் திருச்சபைச் சட்டமோ, அது துவர்க்கலாமா என்பது பற்றி மௌனம் சாதிக்கிறது.

மருமகன் கொணர்ந்தது மதிரான். பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலைச்சாரலுக்கு வடக்கில் விளைவது. அதன் பிரதான திராட்சைக்குத் ‘தன்னா’ என்று பெயராம். ஊரபிமானம் காரணமாக எனக்கு அதன்மேல் உடனே ஒரு பட்சம் உண்டாயிற்று. அந்தப் பட்சம் முதல் மிடறு வரையில்தான் நிலைத்தது. உணவகமொன்றில் வைன் பரிமாறிப் பழகியவனாகையால், அவன் ருசி பார்க்கவென ஒரு போத்தலை மட்டும் திறந்து, கிளாஸை வெள்ளைத் துணிமேல் சாய்த்து, விளிம்பு ஊதாவாய் இருப்பதால் இது பச்சிளம் வைன் என்றும், முதிர்ந்தால் செங்கல் நிறமாகும் என்றும் விளக்கி, சுழற்றி, முகர்ந்து, பிறகே என் கையில் தந்தான். வாயில் விட்டதும் நாவும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் ஒருங்கே இறுகி, உமிழ்நீர் முழுவதும் எங்கோ பிரயாணம் போய்விட்டது. திராட்சைத் தோலிலும் விதையிலுமிருந்து இறங்கும் தனின் என்னும் துவர்ப்புச் சத்து உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வரும் விளைவு அது என்றும், வருஷக்கணக்கில் அச்சத்து ஒன்றோடொன்று கூடிப் பருத்து வண்டலாய்ப் படிய, வைன் சாந்தமடையும் என்றும் சொன்னான். ஆனால் துவர்ப்பு மாத்திரம் ஆயுளைத் தந்துவிடாது. அது தணியுமட்டும் புளிப்பும் பழச்சுவையும் உயிரோடிருக்க வேண்டும். விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறதென்று கணக்கிடுவதும் இதற்காகவே.

இந்தப் பிரசங்கத்தின் நடுவே வந்து சேர்ந்த பக்கத்து வளவு வலைக்காரப் பெரியவர், நீட்டிய கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்து, கண்ணை இடுக்கி, “கண்டல் பட்டைத் தண்ணி மாதிரி இரிக்கு தம்பி. வலைய இதுக்க ஊறப்போட்டா பத்து வருஷத்துக்கு உக்காது” என்று தீர்ப்பளித்தார். நைலோன் வருமுன் பருத்தி வலைகளை அழுகாமல் காக்கக் கண்டல் மரப்பட்டையை அவித்த சாயத்தில் தோய்ப்பார்கள். அந்தப் பட்டையில் இருப்பதும் தனினே. மருமகன் அரைமணி நேரம் வாதித்து எட்டிய முடிவைப் பெரியவர் ஒரு மிடற்றில் எட்டிவிட்டார். வருஷக் கணக்குங்கூடப் பிசகவில்லை.

காத்திருக்கும் பொறுமை மதிரான்காரருக்கே இல்லையென்பதும் பிறகு தெரியவந்தது. 1991இல் பத்ரிக் தியூகூர்னோ என்ற அவ்வூர் வைன்காரர், தொட்டியிலுள்ள வைனுக்குள் பிராணவாயுவை நுண்குமிழிகளாய்ச் செலுத்தித் துவர்ப்பைத் தணிக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தாராம். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இரண்டாவது போத்தலை இங்கே வைத்துக் காப்பது எப்படி? பன்னிரண்டு பாகை குளிரில், இருட்டில், அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். குளிரை விடுங்கள், 1978 நவம்பர் 23இல் சூறாவளியும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும், இவற்றுக்கு நடுவிலும் பின்னும் யுத்தமும் கண்ட இந்த ஜில்லாவில், பத்து வருஷம் அசையாமல் கிடந்த வஸ்து எதையும் நான் அறியேன். ஆகவே போத்தல் பாரிசுக்கே திரும்புவதென்றும், நல்ல நிலவறை ஒன்றில் அவன் அதை வைத்திருப்பதென்றும் தீர்மானமாயிற்று.

“சரி, எப்ப திறக்கலாம்?” என்றேன்.

“பன்னிரண்டு வருஷம் போகட்டும், மாமா” என்றவன், சுவரில் சாய்த்திருந்த என் ஊன்றுகோலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “ஆறு வருஷமும் காணும்” என்றான்.