முன்னாள் அண்ணன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டித் தெற்கே வாருங்கள். கல்பாக்கம் வருவதற்குள் ஏதாவது ஒரு பேனரில் அவர் உங்களைக் கும்பிட்டுவிடுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ‘ஆன்மிகச் செம்மல், கல்வி வள்ளல், ஏழைகளின் இதயத் துடிப்பு.’ முன்னாள் கவுன்சிலர், முன்னாள் தலைவர் என்றெல்லாம் பேனரில் போடுவார்கள். இவரும் முன்னாள்தான். எதற்கு முன்னாள் என்றுதான் போட முடியாது.

சதுரங்கப்பட்டினத்துக்காரர்கள் இது யார் என்று தெருத்தெருவாகத் தேட வேண்டாம். கோவளம் முதல் கல்பாக்கம் வரை நாலைந்து பேரைக் கலந்து பிசைந்து ஒரு ஆளாகப் பிடித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்க்காரர் ஜாடை தெரிந்தால் அது உங்கள் ஊரின் பெருமை.

எண்பதுகளில் இந்தக் கரையில் லாரி ட்யூப் காற்றடைக்க மட்டும் பயன்படவில்லை. சாராயத்தை நிரப்பி, வாயைக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துப் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வேலையில் அண்ணன் கெட்டிக்காரர். போலீஸ் காகிதத்தில் அவர் பெயருக்குப் பின்னால் ‘என்கிற ட்யூப்பு’ என்று ஒட்டிக்கொண்டது அப்போதுதான். 1982இல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் வந்தபோது, அதன் நீளமான தலைப்பில் முதல் மரியாதை கள்ளச்சாராயக்காரருக்குத்தான்; குண்டர் பிறகுதான் வருகிறார். அண்ணனுக்கு இதில் இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்புறம் சாலை அகலமானது. சவுக்குத் தோப்பெல்லாம் மனையானது. அண்ணன் புரமோட்டர் ஆனார். மனை வாங்க வருகிறவர்கள் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பார்கள். மனைக்குத்தான் பார்ப்பார்கள், விற்கிறவருக்குப் பார்ப்பதில்லை. அவருடைய வில்லங்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இல்லை. ஸ்டேஷனில், ஹிஸ்டரி ஷீட் என்ற பெயரில் தூசி தட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆள் திருந்திவிட்டார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. உடம்புதான் இன்னும் திருந்தவில்லை. கல்யாண வீட்டில் முதல் வரிசையில் சோபா போட்டு உட்கார வைத்தால், ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்ச் சுவரோரமாக, வாசல் தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வயசுக் கான்ஸ்டபிள் கடந்து போனால் தன்னையறியாமல் பாதி எழுந்துவிடுவார். நினைவு வந்ததும் அதைச் சோம்பல் முறிப்பாக மாற்றிக்கொள்வார். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். நிபந்தனை ஜாமீனில் தினம் காலை பத்து மணிக்குப் போட்டுப் பழகிய கை. பத்திரப்பதிவின்போது பார்க்க வேண்டும். “கட்டை விரலை வையுங்க சார்” என்று அந்தப் பெண் சொன்னால், இவர் கட்டை விரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக இடமிருந்து வலமாக உருட்டிக்கொண்டே போவார். “ஒன்னு போதும் சார்.” அதற்குள் சுண்டுவிரல் முடிந்திருக்கும்.

தேர்தல் வந்தால்தான் சங்கடம். நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கூப்பிடுவார்கள். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து 110ஆம் பிரிவு 129 ஆகிவிட்டது. அண்ணன் வாயில் இன்னும் 110தான். காலையில் அதிகாரி முன்னால் கைகட்டி நின்று, இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுப்பார். சாயங்காலம் அதே அதிகாரிக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவில் பொன்னாடை போர்த்துவார். இரண்டுக்கும் ஒரே சட்டைதான்.

சென்னையிலிருந்து விருந்தாளி வந்தால் டச்சுக் கோட்டைக்குக் கூட்டிப்போவது அவருக்குப் பிடித்த வேலை. தொல்லியல் துறை பலகையை யாரும் படிக்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். “துணி ஏத்துமதி பண்ண வந்தேன்னு சொன்னான் டச்சுக்காரன். துணி விக்கிறவனுக்கு இன்னாத்துக்கு பீரங்கி?” 1782 பிப்ரவரி 17ஆம் தேதி பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்தக் கடலில் மோதிக்கொண்டதை அவர் விவரிக்கும்போது, இரண்டு கோஷ்டிக்குள் நடந்த ஏரியாத் தகராறு போலவே இருக்கும். எனக்கென்னவோ சரித்திர ஆசிரியர்களைவிட அவர் விஷயத்தின் அருகில் இருக்கிறார் என்று படுகிறது.

இந்தக் கரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: புதைத்ததை வைத்துக்கொள்ளத் தெரியாது. 2004 சுனாமி வந்துவிட்டுப் போன மறு வருஷம், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியிலிருந்து ஒரு பழைய முருகன் கோயிலே வெளியே வந்தது. முருகன் வந்தால் கற்பூரம் காட்டலாம். அண்ணனுடைய பழைய கூட்டாளி வந்தால்?

வந்தார். கேஸைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு உள்ளே போனவர். வெளியே வந்ததும் ஆந்திரா பக்கம் போய்விட்டார் என்று பேச்சு. கோயில் அன்னதானத்தன்று, ஒரு மஞ்சள் பையோடு மேடை வரைக்கும் நேராக நடந்து வந்தார். மைக் ஆனில் இருந்தது.

“டேய் ட்யூப்பு! இன்னாடா, நீ மட்டும் வெள்ளையா கீற?”

ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கல்பாக்கத்து அணு விஞ்ஞானிகளைக் கேட்டால் சொல்வார்கள்: புளுட்டோனியம் 239இன் வீரியம் பாதியாகக் குறையவே இருபத்து நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். பட்டப் பெயர்கள் அந்த ஜாதி.

அண்ணன் முகம் வெளுக்கும் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். அவரோ இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “சாப்ட்டியாடா?” வெளுத்தது மேடை. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவருக்குப் பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்தது. ஒரு பழைய தாலுகா ஆபீஸ்காரர் செருப்பைத் தேடினார். வந்தவருக்குக் கண் பழுது, ஞாபகம் பழுதில்லை. ஒவ்வொருவராக உற்றுப் பார்த்து, “ஐயா, நீங்க இங்க ஏட்டா இருந்தீங்களே? உங்க பொண்ணு சடங்குக்கு ரெண்டு கேன் நான்தானே எறக்கனேன்?” என்று பாசத்தோடு விசாரித்துக்கொண்டே போனார்.

பழசு கிளம்பினால் பழையவன்தான் நடுங்குவான் என்று நினைக்கிறோம். இதே செங்கல்பட்டில் நடந்ததைப் பாருங்கள். திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டி, சாராயம் கடத்தி, கொலை வரைக்கும் போன ஆட்டோ சங்கருக்கு, ஆறு கொலைகளுக்காக 1991இல் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அவர் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது சுமார் முந்நூறு பக்கத்துக்குச் சுயசரிதை எழுதியதாக நக்கீரன் பத்திரிகை சொன்னது. 1994 மே மாதம், விரைவில் தொடராக வரும் என்று அறிவிப்பும் போட்டது. தூக்குக்குக் காத்திருந்த மனிதர் அலறவில்லை. அலறல் ஆபீஸ் பக்கமிருந்து வந்தது. அந்தச் சுயசரிதையில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பெயர்களெல்லாம் இருப்பதாகப் பேச்சு. சங்கரின் புதுமனை புகுவிழாவுக்கு அதிகாரிகள் வந்துபோனதற்கு வீடியோ கேசட் இருக்கிறது என்று பத்திரிகைத் தரப்பு சொன்னது. கொலைக் கேஸுக்கு அலிபி தேடலாம், கிரகப்பிரவேச வீடியோவுக்கு என்ன அலிபி? பந்தியில் பாயசத்தோடு பதிவாகியிருப்பார்களே.

அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை, அச்சிடக் கூடாது என்று சிறைத்துறை உயர் அதிகாரி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விவகாரம் டெல்லி போனது. 1994 அக்டோபர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை, அவதூறு என்று பட்டால் வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. தனிமனித அந்தரங்கத்தைப் பற்றி இன்றைக்கும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. மறு வருஷம் ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். எத்தனை வீடுகளில் அன்று நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

நம் கூட்டாளிக்கு இந்தக் கதையை யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே கக்கத்தில் நீளமான நோட்டு ஒன்று ஏறிவிட்டது. அவர் கைநாட்டு என்பது அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் வாய் திறக்கவில்லை. அவருக்கு அது பெரிய பொழுதுபோக்கு. சாயங்காலம் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

நோட்டைப் பார்த்தவர்கள் தாமாகவே வடை வாங்கிக் கொடுத்தார்கள். பழைய தாலுகா ஆபீஸ்காரர் முதியோர் பென்ஷன் மனுவை வீடு தேடி வந்து எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஐயா மட்டும் ஒரு வாரம் ஒதுங்கி இருந்து, பிறகு தாங்காமல் டீக்கடைக்கு வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு ஸ்பெஷல் டீ சொன்னார்.

“எழுதறீங்களாமே?”

“ஆமா சார். பையன் ஒருத்தன் எழுதறான், நான் சொல்றேன்.”

“எது வரைக்கும் வந்திருக்கு?”

“எம்பத்தாறு முடிச்சிட்டோம் சார்.”

ஐயா முகத்தில் வெளிச்சம் வந்தது. “அப்படியா? நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததே எம்பத்தேழுலதானே!”

“தெரியும் சார்” என்றார் அவர், நோட்டைத் தடவிக்கொண்டே. “நாளைக்கு அதான்.”