கர்வ் பண்ணாத தமிழ்

சுடுமண் சிற்பக் கடைக்காரர், வில்லியனூர்
கேள்வி: கடைக்கு லோகோ வரைந்து கொடுத்த தம்பி, "ஜேபெக் வேண்டாம், வெப்சைட்டில் எஸ்விஜி போடுங்கள்" என்கிறார். எல்லா பிரவுசரிலும் தெரியுமா?

தம்பி சொல்வதைக் கேளுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ், சாம்சங் போனோடு வரும் பிரவுசர் எல்லாவற்றிலும் தெரியும். ஜேபெக் படத்துக்குள் இருப்பவை நிறப் புள்ளிகள். பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். எஸ்விஜிக்குள் இருப்பது வரைவதற்கான கட்டளை: இங்கே தொடங்கு, இப்படி வளை, இந்த நிறம் பூசு. பிரவுசர் அதைப் படித்து ஒவ்வொரு திரையிலும் புதிதாக வரைகிறது. விரல்நகம் அளவிலும் வரையும், சுவர் அளவிலும் வரையும், விளிம்பு மங்காது.

ஆனால் கடையில் நிற்கும் மண்குதிரையின் ஃபோட்டோவை எஸ்விஜி ஆக்கச் சொல்லாதீர்கள். களிமண்ணின் சொரசொரப்பும் சூளைக் கருக்கலும் ஃபோட்டோவில்தான் தெரியும். புவிசார் குறியீடு வாங்கிய கலை அது. வாங்க வருபவர் மண்ணைக் கண்ணால் தொட வேண்டும். லோகோவுக்கு எஸ்விஜி, குதிரைக்கு ஜேபெக்.

கம்ப்யூட்டர் ஆசிரியர், அரியூர்
கேள்வி: 2008 வாக்கில் எஸ்விஜி என்று வாயெடுத்தாலே "அது வேலைக்கு ஆகாது" என்பார்கள். யார் மேல் தப்பு?

தரத்தை எழுதியவர்கள் மேல் இல்லை. 1998-இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முன் பல முன்மொழிவுகள் வந்தன, அவற்றில் முக்கியமானவை இரண்டு. அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் சேர்ந்து ஒன்று கொடுத்தன. மைக்ரோசாஃப்டும் மேக்ரோமீடியாவும் இன்னும் சிலரும் விஎம்எல் என்று இன்னொன்று கொடுத்தார்கள். டபிள்யூ3சி எல்லாவற்றையும் பார்த்துப் பொதுவாக ஒன்றை உருவாக்கி, 2001 செப்டம்பரில் எஸ்விஜி 1.0 என்று அறிவித்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் தன் விஎம்எல்லை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-க்குள் வைத்துவிட்டது. உலகமே புழங்கிய பிரவுசர் அது. பொதுத் தரம் வாசலிலேயே நின்றது.

அடோபி ஒரு பிளக்-இன் கொடுத்தது. தனியாக டவுன்லோடு செய்து பொருத்த வேண்டும். லைன் விட்டு விட்டு வரும் பிரவுசிங் சென்டரில் அதை யார் செய்வார்கள்? 2005-இல் ஓபெரா 8-ம், அதே ஆண்டு நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.5-ம் பிளக்-இன் இல்லாமலே எஸ்விஜி காட்டின. 2007-இல் சஃபாரி 3 வந்தது. 2008-இல் பிறந்த குரோம் பிறக்கும்போதே அறிந்திருந்தது. 2009 ஜனவரி 1-ஆம் தேதியோடு அடோபி தன் பிளக்-இன்னைக் கைவிட்டது. அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-இல் எஸ்விஜி இல்லை. கடைசியில் 2010 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் எஸ்விஜி குழுவில் சேர்ந்தது; 2011 மார்ச்சில் வந்த 9-ஆம் பதிப்பு எஸ்விஜியைக் காட்டியது.

பத்து ஆண்டுகள் போயின. அந்த 9-ஆம் பதிப்பும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடாது. கிராமத்துப் பள்ளி லேப்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அப்போது நிறைந்து கிடந்தது எக்ஸ்பிதான். போனிலும் இதே கதை. ஆண்ட்ராய்டு 2.3 வரை கூடவே வந்த பிரவுசருக்கு எஸ்விஜி தெரியாது, 3.0-இல்தான் தெரிந்தது. புது மெஷின் வாங்க முடிந்தவருக்குத் தரம் முதலில் போய்ச் சேர்ந்தது. பழைய மெஷினை ஓட்டியவருக்குக் கடைசியில் சேர்ந்தது. எனக்கு இன்னமும் ஆறாத கோபம் இது.

பொதுச் சேவை மையம் நடத்துபவர், கிருமாம்பாக்கம்
கேள்வி: எங்களிடம் ஒரு மெஷினில் இன்னும் விண்டோஸ் 7. எஸ்விஜி வருமா?

வரும். அதில் ஓடும் கடைசி குரோம் 109. ஃபயர்ஃபாக்ஸ் 115-ம் ஓடும். இரண்டுமே எஸ்விஜியை நன்றாகக் காட்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் நீல நிற 'ஈ' ஐகானை மட்டும் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. படம் பார்க்க அந்த மெஷின் போதும். மக்களின் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதில் திறக்காதீர்கள்.

ஃபிளெக்ஸ், டிடிபி கடைக்காரர், பாகூர்
கேள்வி: மூலநாதர் கோயில் விழா அழைப்பிதழைக் கோரல் டிராவில் செய்து, கர்வ் பண்ணி, எஸ்விஜியாக ஏற்றிவிட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பக்கத்தில் 'மூலநாதர்' என்று தேடினால் கிடைக்கவில்லையே?

கிடைக்காது. அந்த ஃபைலில் மூலநாதர் இல்லை. கர்வ் பண்ணியதும் 'மூ' ஒரு வளைகோடாகிறது, 'ல' இன்னொரு வளைகோடாகிறது. மனிதக் கண்ணுக்குத் தமிழ். பிரவுசருக்கு வெறும் கோடு. கன்ட்ரோல்-எஃப் தேடாது, காப்பி எடுக்க முடியாது, கூகுள் மொழிபெயர்ப்பு தொடாது. எஸ்விஜி ஃபைல்களைக் கூகுள் 2010-லிருந்தே தன் தேடலில் சேர்த்து வருகிறது. நாம்தான் படிக்க எதையும் வைக்கவில்லை.

உங்கள் பழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது கர்வ் பண்ணித்தான் ஆக வேண்டும். அங்கே உங்கள் ஃபான்ட் இல்லாவிட்டால் அழைப்பிதழே சிதறிவிடும். காகிதத்தில் யாரும் தேடுவதில்லை, காகிதம் யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை. அந்தப் பழக்கம் அப்படியே வலைக்கு வந்ததில்தான் கோளாறு. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்று எத்தனையோ தமிழ், கல்யாணப் பத்திரிகை தொடங்கி ஊராட்சி அறிவிப்பு வரை, படமாக மட்டுமே வலையில் கிடக்கிறது. எழுதியவருக்குத் தமிழ் தெரியும், பார்ப்பவருக்குத் தமிழ் தெரியும், இடையில் இருக்கும் ஃபைலுக்குத் தெரியாது. எஸ்விஜியால் இதை மாற்ற முடியும். படத்துக்குள் எழுத்தை எழுத்தாகவே வைக்க அதில் இடம் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கர்வ் பண்ணுவது எனக்கு மனசு ஆறவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அழைப்பிதழை இரண்டாகச் சேமியுங்கள். கர்வ் பண்ணியது பிரஸ்ஸுக்கு. வலைக்கு எஸ்விஜி எடுக்கும்போது, எழுத்தை 'டெக்ஸ்ட்' ஆகவே வை என்ற தேர்வைக் குறியுங்கள். பிறகு அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். 'மூலநாதர்' கண்ணில் பட்டால் சரி. கலைஞர் ஒருவர் கையால் வளைத்து எழுதிய தலைப்பு மட்டும் கர்வாகவே இருக்கட்டும். அந்த வளைவு எந்த ஃபான்டிலும் கிடைக்காது.

அதே வாசகர்
கேள்வி: செய்து பார்த்தேன். தமிழ் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தாக வந்து நிற்கிறது!

நீங்கள் தட்டியது யூனிகோடு இல்லை, பாமினி மாதிரி ஒரு பழைய ஃபான்ட். பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஃபான்ட் இருக்கும்வரை தமிழாகத் தோன்றும். இல்லாத போனில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வரும். கர்வ் பண்ணும் பழக்கம் நம் கடைகளில் இவ்வளவு வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

அடுத்து இன்னொன்று வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். எஸ்விஜியைப் பக்கத்தில் ஒரு இமேஜாக வைத்தால், பாதுகாப்புக்காக பிரவுசர் அதற்குள்ளிருந்து வெளி ஃபைல் எதையும் எடுக்க விடாது. ஃபான்ட் ஃபைலும் அதில் அடக்கம். நீங்கள் ஆசையாகத் தேர்ந்த ஃபான்ட் போய், போனில் இருக்கும் தமிழ் ஃபான்ட் வந்து உட்காரும். அகலம் மாறும், வரி பெட்டியைத் தாண்டும். எஸ்விஜி கட்டளைகளைப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். பக்கத்தின் ஃபான்ட் படத்துக்கும் கிடைக்கும், கன்ட்ரோல்-எஃப்பும் வேலை செய்யும்.

டிசைன் படிக்கும் மாணவி, கரையாம்புத்தூர்
கேள்வி: பிடிஎஃப்பிலிருந்து எஸ்விஜி ஆக்கினால் 'கொ' பிய்ந்துவிடுகிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்!

ஃபைலில் 'க' முதலில், அதன்பின் 'ஒ'-வின் உயிர்க்குறி. அதைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது பிரவுசரின் வேலை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் இதைச் செய்கிறது, பிசகாமல். சில மாற்றிகள் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இடம் குறித்துவிடுகின்றன. பிரவுசர் சேர்த்து வைக்க வழியில்லாமல் போகிறது. பிடிஎஃப்பை மாற்றாதீர்கள். மூல ஃபைலுக்குப் போய், இங்க்ஸ்கேப்பில் ஒரு சொல்லை ஒரே துண்டாகத் தட்டுங்கள்.

பள்ளி மாணவர், மங்கலம்
கேள்வி: புதுச்சேரி வரைபடத்தை எஸ்விஜியில் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

நல்ல வேலை கொடுத்திருக்கிறார்கள், உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கம். இந்தியாவிலேயே வரையச் சிரமமான எல்லைகளில் ஒன்று நம்முடையது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போங்கள். அரியூர் தாண்டினால் கண்டமங்கலம், தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருவாண்டார்கோயில், திருபுவனை, மறுபடியும் புதுச்சேரி. பஸ்ஸில் தூங்கி விழித்தால் எந்த அரசில் இருக்கிறோம் என்று கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பெற்ற ஊர்களின் மிச்சம் இது.

எஸ்விஜியில் இதற்குத் தோதான வசதி உண்டு. ஒரே 'பாத்' கட்டளைக்குள் பேனாவைத் தூக்கித் தூக்கி எத்தனை துண்டும் வரையலாம். எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரே பொருள். ஒன்றைத் தொட்டால் எல்லாமே நிறம் மாறும். ஒரு துண்டுக்கு நடுவே வேற்று நிலம் வந்தால் அதை ஓட்டையாக விடவும் விதி உண்டு. கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதிகளைத் தனித்தனிப் 'பாத்'தாக வைத்து, வில்லியனூர், பாகூர் என்று பெயர் சூட்டுங்கள். காரைக்கால், மாகே, ஏனாம் மூன்றுக்கும் ஓரத்தில் தனிப் பெட்டி. உண்மையான தூரத்தில் வைத்தால் எல்லாமே கடுகாகிவிடும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கே தமிழ், மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. எஸ்விஜியில் 'சுவிட்ச்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரே ஊர்ப்பெயரை மூன்று மொழியிலும் எழுதி வைத்தால், பார்ப்பவரின் பிரவுசர் எந்த மொழியில் இருக்கிறதோ அதைக் காட்டும். விக்கிமீடியாவின் 'எஸ்விஜி டிரான்ஸ்லேட்' கருவி இதே வசதியின் மேல்தான் நிற்கிறது. யாரோ வரைந்த படத்தில் தமிழ்ப் பெயரை மட்டும் நீங்கள் சேர்க்கலாம். ஆனால் படத்தில் பெயர்கள் எழுத்தாக இருக்க வேண்டும். கர்வ் பண்ணிய படத்தை எவராலும் மொழிபெயர்க்க முடியாது. உங்கள் போன் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள். ஆங்கிலத்தில் வைத்திருந்தால் தமிழ்ப் பெயர் வராமல் போகலாம்.

இல்லத்தரசி, சேலியமேடு
கேள்வி: நான் போடும் புள்ளிக் கோலங்களைக் கம்ப்யூட்டரில் வைக்க முடியுமா? ஃபோட்டோவில் கோணல் தெரிகிறது.

எஸ்விஜிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை, அம்மா. புள்ளிக்கு ஒரு கட்டளை, இழைக்கு ஒரு கட்டளை. கால் பங்குக் கோலத்தை வரைந்துவிட்டு, "இதையே திருப்பி வை" என்று மூன்று முறை சொன்னால் முழுக்கோலம். மனசுக்குள் நீங்கள் போடும் கணக்கும் இதுதானே. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிருத்திவாசனுடனும் சேர்ந்து 1974-இலேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் கட்டுரையாக எழுதினார். எஸ்விஜி பிறக்க அப்போது இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளையை அருகில் உட்கார வையுங்கள். நீங்கள் வரிசை சொல்லுங்கள், அவர் தட்டட்டும். கோலத்தின் பெயரையும், யாரிடம் கற்றீர்கள் என்பதையும் ஃபைலுக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர், கூடப்பாக்கம்
கேள்வி: போனில் பார்த்தால் படம் சுருங்காமல் பாதி வெட்டுப்படுகிறது.

'வியூபாக்ஸ்' விட்டுப்போயிருக்கும். அகல உயரம் மட்டும் கொடுத்தால் பிரவுசருக்குச் சுருக்கத் தெரியாது, வெட்டத்தான் தெரியும்.

சுயஉதவிக் குழு உறுப்பினர், திருக்காஞ்சி
கேள்வி: எஸ்விஜியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக வரவில்லையே?

டாக்குமென்டாகத்தான் போகும். ஜிமெயிலும் கடிதத்துக்குள் காட்டாது. எஸ்விஜிக்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்க முடியும் என்பதால் பல இடங்களில் தயக்கம். வேர்ட்பிரஸ்ஸும் அதனால்தான் ஏற்ற விடுவதில்லை. வாட்ஸ்அப்புக்குப் பிஎன்ஜி எடுத்து அனுப்புங்கள். முன்பின் தெரியாதவர் மெயிலில் எஸ்விஜி இணைத்து அனுப்பினால் திறக்காதீர்கள்.

வாசகி, சுல்தான்பேட்டை
கேள்வி: என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் எல்லாம் தெரிந்துகொள்கிறார். படம் வந்தால் "இமேஜ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறது. எஸ்விஜியில் வழி உண்டா?

உண்டு. எஸ்விஜியின் முதல் தரத்திலிருந்தே 'டைட்டில்', 'டெஸ்க்' என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. படத்தின் பெயர் முதலாவதில், படத்தில் என்ன இருக்கிறது என்ற விவரம் இரண்டாவதில். படத்தில் வரையப்படாது, வாசிப்பானுக்குத் தெரியும். வரைபவர் இரண்டையும் தமிழில் நிரப்ப வேண்டும்; மொழி 'தமிழ்' என்றும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் பார்த்துத் தடுமாறும். எஸ்விஜியை இமேஜாக மட்டும் வைத்தால், பக்கத்தில் 'ஆல்ட்' என்ற இடத்தில் தமிழ் விவரம் எழுதினாலே போதும்.

அண்ணன் எந்தெந்தப் பக்கங்களில் இப்படி "இமேஜ்" என்று மட்டும் கேட்கிறார் என்று எழுதி அனுப்புங்கள். நம் பகுதியில் அந்தப் பக்கங்களை நடத்துகிறவர்களுக்கு நான் எழுதுகிறேன். இன்று எந்த பிரவுசரும் இதற்குத் தடை சொல்வதில்லை. இரண்டு வரி தட்ட வேண்டியதுதான் பாக்கி.