கூட்டம் வந்துவிட்டது, தடை போடு!

2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. விஜய் ரசிகனாக இருக்க, தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கோவிந்தாபுரத்தில் மாநிலம் ஒரு தடையில்லை. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமும் பாலாபிஷேகம், இந்தப் பக்கமும் பாலாபிஷேகம். பால் மட்டும் இரண்டுக்கும் பொள்ளாச்சிப் பால். படத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்குத் தளபதி கோச்சாக வந்து, திட்டி, தேற்றி, கோப்பை வாங்கிக் கொடுத்தார். விசில் பறந்தது.

அதற்கு ஐந்து மாதம் முன்னால், மே மாத வெயிலில், லூதியானாவில் மதுரை சேது எஃப்.சி. பெண்கள் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று மடக்கி நிஜமான இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியிருந்தார்கள். அதற்கும் முந்தைய ஆண்டு, 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2-1 என்று சாய்த்து முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் ஓர் ஓலைவெடிகூட வெடிக்கவில்லை. கோச் யாரென்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் விஜய் பெயரைத்தான் சொல்வார்கள்.

அந்த டீக்கடையில் ஒரு பெரியப்பா உண்டு. முதலமடை மாங்காய் சீசனில் நாலு லாரி ஏற்றி விட்டுவிட்டு, மிச்ச வருஷம் முழுக்க உலக நடப்பைக் கவனித்துக்கொள்பவர். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம் எங்கே நடந்தாலும் கேலரியில் முதல் வரிசை. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஏன் கண்ணு, பொம்பளப் புள்ளைக பந்து வெளையாடுனா எவன் பாப்பான்?"

நியாயமான கேள்வி. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம், பெரியப்பா.

1881 மே மாதம். எடின்பரோவில் ஸ்காட்லாந்துப் பெண்களும் இங்கிலாந்துப் பெண்களும் மோதினார்கள். 3-0, ஸ்காட்லாந்து ஜெயம். பத்திரிகைக்காரர்கள் கோலை விட்டுவிட்டு உடையைப் பற்றி எழுதினார்கள்: காலுறை என்ன நிறம், பூட்ஸில் எத்தனை உயரக் குதிகால். அடுத்த வாரம் கிளாஸ்கோவில் மறு ஆட்டம். கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பெண்கள் குதிரை வண்டியில் ஏறித் தப்பினார்கள். மறுநாள் தீர்ப்பு: பார்த்தீர்களா, பெண்கள் ஆடினால் ஒழுங்கு கெட்டுவிடுகிறது. உள்ளே குதித்த ஆண்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தர்க்கம் இன்றுவரை ரிப்பேர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. ஆண்கள் பதுங்குகுழிக்குப் போக, பெண்கள் குண்டு செய்யும் ஃபேக்டரிக்குப் போனார்கள். பிரஸ்டன் நகரத்தில் டிக், கெர் என்ற கம்பெனி. டீ இடைவேளையில் முற்றத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்த பெண்கள் 1917-ல் ஓர் அணியாகிவிட்டார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்காக ஓர் ஆட்டம் போட்டால் 10,000 பேர். விடுவார்களா? 1920 டிசம்பரில் இராத்திரி ஆட்டம். ஃப்ளட்லைட் எல்லாம் ஏது? விமானத்தைச் சுட்டு வீழ்த்த வானத்தைத் துழாவும் தேடுவிளக்கு இரண்டை ராணுவத்திடம் இரவல் கேட்டார்கள். அனுமதி கொடுத்தவர் அன்றைய போர் அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். காந்திக்கு ஒரு விளக்கும் பிடிக்காத மனிதர் பெண்கள் பந்தாட்டத்துக்கு இரண்டு விளக்கு பிடித்தார் என்பதை அவர் கணக்கில் வரவு வைத்துவிடலாம். இருட்டில் பந்து தெரிய வேண்டுமே என்று அதற்கு வெள்ளை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, லிவர்பூல் கூடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களுக்கு எதிராக ஓர் ஆட்டம். உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் பல்லாயிரம். எவன் பார்ப்பான் என்றீர்களே பெரியப்பா, இவ்வளவு பேர்!

அவர் அசரவில்லை. "அது வெள்ளக்காரன் ஊரு."

வெள்ளைக்காரன் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? அங்கேயும் ஒரு சங்கம் உண்டு. கோட்டும் மீசையுமாக உட்கார்ந்திருந்த ஃபுட்பால் அசோசியேஷன் பெரியவர்களுக்கு வயிறு எரிந்தது. வசூல் ஆஸ்பத்திரிக்கும் வேலையில்லாத முன்னாள் சிப்பாய்களுக்கும் போகிறது. சங்கத்துக்குக் காலணா வராது. 1921 டிசம்பர் 5 அன்று கூடிப் பேசி, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமில்லாதது, ஊக்குவிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பெண்கள் ஆடக் கூடாது என்று நேராகச் சொல்லவில்லை. சங்கத்து கிளப் எதுவும் மைதானம் தரக் கூடாது, அவ்வளவுதான். ஊர்க்கிணற்றில் இறைக்கலாம், கயிறு மட்டும் தர மாட்டோம்.

தடைக்கு வைத்திய சாட்சி வேண்டுமே. லண்டன் ஹார்லி தெருவிலிருந்து டாக்டர் மேரி ஷார்லிப் வாய் திறந்தார்: இது பெண்ணின் உடம்பு தாங்கக்கூடிய ஆட்டமே இல்லை.

யார் இந்த அம்மா என்று பார்த்தால், அட, நம்ம மெட்ராஸ் அம்மா! வக்கீல் கணவரோடு மெட்ராஸுக்கு வந்தவர். ஆண் டாக்டரை வாசற்படி ஏற்றாத வீடுகளில் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, தானே டாக்டராவது என்று கிளம்பினார். பெண்ணுக்கு எதற்கு மருத்துவம் என்று இங்கிலாந்தே முகம் சுளித்த காலம் அது. 1875-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் கதவைத் திறந்தது. முதலில் நுழைந்த நான்கு பெண்களில் இவர் ஒருவர். பிறகு லண்டனிலும் படித்துவிட்டுத் திரும்பி வந்து, 1885-ல் மெட்ராஸில் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பேரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்; கோஷா ஆஸ்பத்திரி என்றால் யோசிக்காமல் கிக்கரை உதைப்பார்.

பெண் மருத்துவம் படிக்கலாமா என்ற கேள்வியைத் தாண்டிப் போன அதே அம்மா, எழுபதைக் கடந்த வயதில், பெண் பந்தை உதைக்கலாமா என்ற கேள்விக்குக் கேட்டைச் சாத்திவிட்டார். கோஷாவில் பிரசவம் பார்த்த ஒருவருக்குப் பெண் உடம்பு எதையெல்லாம் தாங்கும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? மேரி அம்மா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஓர் இடத்தில் அவர் ஆஃப்சைடு.

உடம்பு தாங்காத பெண்களில் ஒருத்தி லில்லி பார். பதினாலு, பதினைந்து வயதில் அணிக்கு வந்தவள். இடது காலில் அவள் அடிக்கும் ஷாட்டுக்குப் பயப்படாத கோல்கீப்பர் கிடையாது. வாயில் எப்போதும் உட்பைன் சிகரெட். மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினாள். தடை போட்ட பெரியவர்களில் பாதிப்பேர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தடை மட்டும் 1971 வரை திடகாத்திரமாக இருந்தது.

மற்ற நாடுகளும் சளைக்கவில்லை. பிரேசிலில் 1941-ல் சட்டமே போட்டார்கள், 1979 வரை. மேற்கு ஜெர்மனி 1955-ல் தடை போட்டு 1970-ல் எடுத்தது. அதே ஜெர்மனியின் பெண்கள் 1989-ல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தபோது சங்கம் ஆளுக்கொரு பரிசு கொடுத்தது: காபி செட். கப், சாசர், ஜாடி எல்லாம் சேர்த்து. 1991-ல் ஃபிஃபா ஒரு வழியாகச் சீனாவில் பெண்கள் உலகப் போட்டி நடத்தியது. ஆட்டம் 90 நிமிஷம் இல்லை, 80. அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார்களோ! போட்டிக்கு 'உலகக் கோப்பை' என்ற பேரையும் தரவில்லை, ஒரு மிட்டாயின் பேரைத்தான் சூட்டினார்கள். ஆனால் அதற்கு இருபது வருஷம் முன்னால், ஃபிஃபா திரும்பிக்கூடப் பார்க்காத 1971 மெக்சிகோ போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு ஆஸ்டெக்கா மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். பெண்கள் ஆடுகிறார்களே என்று கோல்போஸ்ட்டுக்கு ரோஸ் பெயின்ட் வேறு.

"வெளிநாட்டுக் கதையெல்லாம் போதும், நம்மூருக்கு வா" என்றார் பெரியப்பா. வந்துவிட்டோம்.

1975. மேரி அம்மா மெட்ராஸ் மெடிக்கலில் சேர்ந்து சரியாக நூறாவது வருஷம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கண்டுகொள்ளாததால், லக்னோவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். ஐந்தே வருஷம். 1980 ஜனவரியில் ஆசியப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? கோழிக்கோட்டில்! இங்கிருந்து பாலக்காடு போய் பஸ் மாறினால் போய்விடலாம். இந்தியா எஸ், இந்தியா என் என்று இரண்டு அணி இறக்கினோம். இந்தியா எஸ் இறுதி ஆட்டம் வரைக்கும் போய், தைவானிடம் 2-0 என்று தோற்றது. 1983-ல் பாங்காக்கில் மறுபடி இறுதி, தாய்லாந்திடம் மறுபடி தோல்வி, 3-0. அந்த ஆண்டே சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார், கால்பந்தில் முதல் பெண். ஆண்கள் அணி ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் வந்தது 1964-ல். அதற்கப்புறம் அந்த இடத்தின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஊரில் எந்தப் பெரியவரும் ஆண்கள் ஆட்டத்தை எவன் பார்ப்பான் என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

90-களின் தொடக்கத்தில் பெரிய சம்மேளனம் பெண்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நல்லதுதானே என்பீர்கள். ஆடவிட்டால்தானே? 2009-ல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலில் இந்தியப் பெண்கள் பெயரே இல்லை. தோற்றதால் அல்ல, ஒன்றரை வருஷமாக ஆட்டமே ஏற்பாடு செய்யாததால். கடைசி இடம் பிடிக்கவாவது மைதானத்தில் இறங்க வேண்டும்.

சங்கங்கள் இப்படித் தூங்கிய நேரத்தில் வேலை நடந்தது வேறு இடத்தில். சுனாமிக்குப் பிறகு கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளைத் திரட்டி மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து வந்தவர்கள்தான் இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும். இந்துமதி இந்திய அணிக்கு ஆடினார் என்றபோது எங்கள் பக்கத்து அப்பாக்கள் "அப்படியா" என்றார்கள். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் என்றதும் எழுந்து உட்கார்ந்தார்கள். சீருடையில் இரண்டு நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் கால்பந்தின் அழகு அவர்களுக்குச் சட்டென்று விளங்கியது. "அம்மிணி, சாயந்திரம் கிரவுண்டுக்குப் போலியா?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். மனமாற்றம் என்றால் இதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண் பிள்ளைகளையும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நினைத்துத்தான் மைதானத்துக்கு அனுப்பினோம்.

இதற்கிடையில் எல்லைச் சண்டை ஒன்று. கோழிக்கோடு கோகுலம் கேரளா அணி 2020, 2022, 2023 என்று மூன்று தடவை லீக் கோப்பையை வாங்கியதும், கோவிந்தாபுரத்தில் மலையாளம் பேசுகிறவர்கள் காலரைத் தூக்கிவிட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள் சேதுவைக் காட்டினார்கள். விசாரித்தால், 2023 கோகுலம் அணியில் கடலூர் இந்துமதியும் சந்தியாவும். சேதுவில் ஆடிய மாளவிகாவோ காசர்கோடு பக்கம் நீலேஸ்வரத்துப் பெண். இரண்டு அணிக்கும் கோல் மழை பொழிந்த சபித்ரா பண்டாரி நேபாளம். செக்போஸ்ட்டில் மாட்டையும் கோழியையும் இறக்கி ஏற்றிப் பார்க்கிறார்கள். ஃபார்வர்டுகள் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.

கோகுலத்துக்கு நடந்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2022 ஆகஸ்ட்டில் ஆசிய கிளப் போட்டிக்காக அணி தாஷ்கண்டில் போய் இறங்குகிறது. இறங்கிய கையோடு செய்தி: இந்தியாவை ஃபிஃபா தடை செய்துவிட்டது. காரணம் ஆண்கள்: பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் இழுத்த நிர்வாகிகள், கோர்ட் வழக்கு, கோர்ட் போட்ட கமிட்டி, மூன்றாம் நபர் தலையீடு என்று ஃபிஃபாவின் கோபம். டெல்லியில் நாற்காலிச் சண்டை, தாஷ்கண்டில் பெண்கள் ஹோட்டல் அறையில். பிரதமருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. அதற்குள் ஆட்ட நாள் போய்விட்டது. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் பெட்டியைக் கட்டினார்கள். மைதானம் தர மறுத்த 1921 பெரியவர்களாவது பெண்களைப் பற்றிப் பேசிவிட்டு மறுத்தார்கள்.

அதே 2022 ஜனவரியில் இன்னொன்று. ஆசியக் கோப்பையை நாமே நடத்தினோம். இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அணியில் பன்னிரண்டு பேருக்குக் கொரோனா. களமிறக்க ஆள் போதவில்லை. ஆட்டம் ரத்து, போட்டியிலிருந்தே வெளியே. அன்று எதிரே நிற்க வேண்டியது தைவான்.

2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய். ஆஸ்திரேலியாவில் நடக்கவிருந்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்றில் ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல் தடவை. 1983 பாங்காக் கணக்கு நேரானது. அணியில் நீலேஸ்வரம் மாளவிகாவும் உண்டு என்று சொன்னதும், பெரியப்பா ஃபோனைப் பிடுங்கிக் கோல்களை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். "பாஸ் நல்லாத்தான் போடறாளுக" என்றார். பாராட்டில் கஞ்சம் எங்கள் வட்டாரத்து வழக்கம். இது மிக உயர்ந்த விருது.

"செரி, ஆஸ்திரேலியாவுல யார்கூட மேட்ச்?" என்றார்.

அந்த மாதக் கடைசியில் குலுக்கல் போட்டார்கள். நம்மோடு அதே பிரிவில் ஜப்பான். வியட்நாம். அப்புறம் தைவான்.