என்ன வண்டிக்கு சார்?

பழைய காருக்கு வேறு இன்ஜின் மாற்றும் ஆசை வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில்தான் செலவு செய்கிறார்கள். முதலில் இன்ஜின். அடுத்து, அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. பிறகு கார்புரேட்டர், ரேடியேட்டர், பெயின்ட்காரருக்கு முன்பணம். இந்த இன்ஜின் எதன் மேல் உட்காரப்போகிறது என்ற கேள்வி, அது செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருக்க, "இறக்கலாமா சார்?" என்று மெக்கானிக் கேட்கும் நேரத்தில்தான் எழும்.

சென்னைப் புறநகரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அப்படித்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடையது பழைய அம்பாசடர். உள்ளே இருந்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த பிஎம்சி வம்சம். அதை எடுத்துவிட்டு 1817 சிசி இசுஸு இன்ஜினைப் போடவேண்டும். "கம்பெனிக்காரனே போட்டிருக்கானே!" என்பது அவர் வாதம். பொய்யில்லை. உத்தரபாரா தொழிற்சாலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1992இல் இதே வேலையைச் செய்து, 1800 ஐஎஸ்இசட் என்று பேர் வைத்து விற்றது. கம்பெனியிடம் வரைபடமும் அச்சும் இன்ஜினியர்களும் இருந்தார்கள். இவரிடம் ஒரு மெக்கானிக் பாயும் ஒரு வெல்டிங் செட்டும் இருந்தன.

பாய் கைராசிக்காரர். நாற்பது வருஷத் தொழில். ஆனாலும் இன்ஜின் உட்காரும் மவுண்டிங்கின் ரப்பரை அவரால் செய்ய முடியாதே. ஆகவே வங்கி அதிகாரி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போனார்.

"என்ன வண்டிக்கு சார்?"

"அம்பாசடர்."

கடைப் பையன் ஏணியில் ஏறி ஒரு ஜோடி மவுண்டிங்கை எடுத்துப் போட்டான்.

"இன்ஜின் இசுஸு."

பையன் அதை எடுத்த இடத்திலேயே வைத்தான். "அப்ப கான்டெஸா மவுண்டிங் எடுத்துக்கோங்க, அதுலயும் இசுஸுதான்," என்றார் கடைக்காரர்.

"வண்டி கான்டெஸா இல்லையே?"

கடைக்காரர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு அவரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க கேக்கறது மவுண்டிங் இல்ல. பஞ்சாயத்து."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. மவுண்ட்டுக்கு இரண்டு முனை. ஒரு முனையின் போல்ட்டு இன்ஜின் பிளாக்கில் ஏற வேண்டும், மறு முனை வண்டியின் கிராஸ் மெம்பரில் உட்கார வேண்டும். இரண்டும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில், ஒன்றையொன்று பார்க்காதவர்கள் வரைந்தவை. ஒரே கம்பெனி இன்ஜினுக்குள்ளேயே இந்த வம்பு உண்டு. அமெரிக்காவில் 1955இல் செவ்ரலே கொண்டுவந்த சிறிய வி8 இன்ஜினுக்கு மவுண்ட் முன்முகத்தில் இருந்தது. 1958இல் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். 1997இல் அதன் வாரிசாக எல்எஸ் வரிசை வந்தபோது, மூன்று போல்ட்டு இருந்த இடத்தில் நான்கு போல்ட்டு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் என்னதான் செய்வார்?

அந்த நாட்டில் இந்தப் பஞ்சாயத்தையே பிழைப்பாக்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. பென்சில்வேனியாவின் ஜார்ஜ் ஹர்ஸ்ட். 1950களில் பழைய கார்களுக்குள் புது வி8களைத் திணிக்கத் துடித்த பையன்களுக்கு, இரண்டு முனையும் பொருந்துகிற மவுண்டுகளைச் செய்து விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார். பிறகு கியர் லீவரில் பேர் வாங்கினார். விபத்தில் நசுங்கிய காரைப் பிளந்து உள்ளே சிக்கியவரை மீட்கும் ராட்சதக் கிடுக்கியும் அவர் பேரில்தான் வந்தது. வேகத்துக்கு வழி செய்துகொடுத்தவர் அதன் பின்விளைவையும் கவனித்துக்கொண்டார் என்று சொல்லலாம். வாடிக்கையாளர் சேவை என்றால் இதல்லவா!

ஆனால் இந்த இரண்டு அங்குல ரப்பருக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? இரும்புப் பட்டையை வைத்து நேராக இறுக்கிவிட்டால் ஆகாதா? ஆகும். ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் அப்படித்தான் இருந்தது. ஓட்டியவர்களின் பல் ஆடியது. 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் 'மிதக்கும் சக்தி' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முன்னால் உயரத்தில் ஒரு ரப்பர், பின்னால் தாழ்வாக ஒன்று. இரண்டையும் இணைக்கும் கோடு இன்ஜினின் எடைமையத்தை ஒட்டிப் போகும். அந்தக் கோட்டைச் சுற்றி இன்ஜின் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொள்ளலாம், பாடிக்கு ஆட்டம் வராது. பிரான்சின் சித்ரோன் இதற்கு உரிமம் வாங்கி, நீந்தும் அன்னப்பறவையைச் சின்னமாகப் பொறித்துக்கொண்டது. ரப்பருக்கு அன்னம் வாகனமானது உலகத்தில் அந்த ஒரு முறைதான் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த ரப்பரிடம் இரண்டு எதிரெதிர் வேலைகளைக் கேட்கிறோம். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும். ஸ்லோ ஸ்பீடில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் நொடிக்கு 25 உதை. அது சீட்டுக்கு வரக்கூடாதென்றால் ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். கிளட்ச்சை விட்ட மாத்திரத்தில் கதை மாறும். முறுக்குவிசை 13 கிலோகிராம்-மீட்டர், முதல் கியர் அதை நான்கு மடங்காக்குகிறது என்று வையுங்கள்: 52. முன் மவுண்டுகள் இரண்டும் அரை மீட்டர் தள்ளி இருந்து, பின் மவுண்ட் கை கொடுக்காவிட்டால், வலப்பக்கத்தை 104 கிலோ கீழே அழுத்தும், இடப்பக்கத்தை 104 கிலோ மேலே பிடுங்கும். அதற்கு ரப்பர் விறைப்பாக இருந்தாக வேண்டும்.

இடப்பக்க ரப்பர் கிழிந்தால் என்ன ஆகும் என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் உலகத்துக்கே காட்டியது. 1960களின் பிற்பாதியில் விற்ற செவ்ரலே கார்களில் மவுண்ட் பிய்ந்து, இன்ஜின் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துக்கொண்டு போனது. காலை எடுத்தாலும் வேகம் குறையாது. 1971 டிசம்பரில் ஏறக்குறைய 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உலகின் மிகப்பெரிய கார் கம்பெனி கண்டுபிடித்த வைத்தியம்? இன்ஜின் எழும்பாதபடி ஒரு கம்பிவடம் போட்டுக் கட்டியது. புதுப்பேட்டையில் கேட்டிருந்தால் மாலைக்குள் சொல்லியிருப்பார்கள்.

நம்மவர் கடைசியில் கான்டெஸா மவுண்டிங்கையே வாங்கினார். இன்ஜின் பக்கத்தை அது பார்த்துக்கொள்ளும், வண்டிப் பக்கத்துப் பிராக்கெட்டைப் பாய் அடிப்பார் என்று ஒப்பந்தம். வாங்கும்போது பாய் சொல்லியனுப்பிய சோதனையையும் செய்தார்: கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தி எடுத்தால் தடம் மெல்ல மறைய வேண்டும். முதல் ஜோடியில் நகம் இறங்கவே இல்லை. அலமாரியிலேயே கிழடு தட்டிப்போன சரக்கு. இரும்புத் தகடும் ரப்பரும் சேருமிடத்தில் மயிரிழை வெடிப்பு வேறு. "ஒரிஜினல் சார்," என்றார் கடைக்காரர். ஒரிஜினல்தான், அதுதான் குறையே. இரண்டாவது ஜோடி தேறியது.

பட்டறையில் இன்ஜின் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. இனி அளவு. சம்ப் கிராஸ் மெம்பரில் இடிக்கக்கூடாது. ஃபேன் ரேடியேட்டரைத் தொடக்கூடாது. பானெட் மூட வேண்டும். கடைசி விஷயத்துக்குப் பாய் சப்பாத்தி மாவு கேட்டார். வீட்டம்மா காரணம் கேட்காமல் ஒரு உருண்டை கொடுத்தனுப்பினார். ஆறு மாதமாக அந்த வீட்டில் காரணம் கேட்பது நின்றுவிட்டது. ஏர் கிளீனர் மேல் மாவை வைத்துப் பானெட்டை மூடித் திறந்தார் பாய். மாவு அப்பளமாகியிருந்தது. இன்ஜின் அரை அங்குலம் கீழே இறங்கியது. இறங்கியதும் சம்ப் இடித்தது. பின்னால் நகர்த்தினால் பெல் ஹவுசிங் தளத்தில் முட்டியது.

பின்பக்க உயரத்துக்கு, பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து கொத்தனாரின் ரசமட்டம் கடன் வாங்கப்பட்டது. கியர்பாக்ஸின் வால் இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கி இருக்க வேண்டும். ப்ரொபெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யூ ஜாயின்ட்டுகளில் கோணம் சமமாக இல்லாவிட்டால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்ட் தயங்கித் தயங்கி ஓடும். அறுபதில் போகும்போது சீட்டுக்கு அடியில் உறுமும். அப்புறம் ரப்பர்தான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். எடை ஏறினால் ரப்பர் சில மில்லிமீட்டர் அமுங்கும் என்பதால், முழு எடையையும் உட்கார வைத்துத்தான் பாய் பிராக்கெட்டை டாக் அடித்தார். முழு வெல்டிங்குக்கு முன் ரப்பரைக் கழற்றிவிட்டார். சூடு பட்டால் இரும்பும் ரப்பரும் விவாகரத்து வாங்கிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து செல்ஃப் அடித்தபோது இன்ஜின் சுற்றவில்லை, சோக் கேபிள் புகைந்தது. ரப்பரில் மின்சாரம் போகாது. இன்ஜினிலிருந்து பாடிக்கு வர வேண்டிய எர்த் பட்டையை யாரும் மாட்டவில்லை. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியரும் கிடைத்த ஒரே கம்பி வழியாகப் போகப் பார்த்தது. பட்டை மாட்டியதும் இசுஸு ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டில் வைத்த டீ அலுங்கவில்லை. பாய் அதை எடுத்துக் குடித்தார்.

பாக்கி இருந்தது ஆர்சி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கேட்காமல் இன்ஜினை மாற்ற விடாது. வங்கி அதிகாரியோ முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு, மூன்று பிரதி எடுத்து, ஃபைலில் பஞ்ச் பண்ணி வைத்திருந்தவர். ஆய்வாளர் பானெட்டைத் திறந்து, குனிந்து, டார்ச் அடித்துத் தேடினார்.

"இன்ஜின் நம்பர் எங்க சார்?"

பிளாக்கில் நம்பர் குத்தியிருந்த இடத்தின் மேல், புத்தம்புது கறுப்பு பெயின்ட்டுடன், பாயின் பிராக்கெட் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"அஞ்சு நிமிஷம் சார்," என்று சொல்லிவிட்டு டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தார் பாய்.