கதவைத் தட்டாதவர்கள்

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர்தான் விட்டபாடில்லை. "அமெரிக்காவுக்குப் போயும் சீரியல்தானா?" என்று போனில் சிரித்தாயே, அதற்குப் பதில் போனில் அடங்காது. அதனால்தான் கடிதம்.

ஆமாம், சீரியல்தான். ஆனால் அழுகை கிடையாது. சிட்காம் என்று அரைமணி நேரச் சிரிப்பு நாடகம். விளம்பரத்தைக் கழித்தால் இருபத்திரண்டு நிமிஷம் தேறும். நான் பார்ப்பதெல்லாம் பழசு.

என் பக்கத்து வீட்டம்மா, என் வாசலில் நின்றுகொண்டே "வரலாமா?" என்று மெசேஜ் அனுப்புகிற ரகம். இப்படிப்பட்ட ஊரில் டிவியில் யாருக்காக உயிரை விடுகிறார்கள் என்று பார்த்தால், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைகிற ஆசாமிகளுக்காக!

'சைன்ஃபெல்ட்' (1989-1998) நாடகத்தில் கிரேமர் என்று ஓர் எதிர்வீட்டுக்காரன். கதவு படாரென்று திறக்கும், வழுக்கிக்கொண்டே வந்து நிற்பான். அடுத்தது நேரே ஃப்ரிட்ஜ்தான். என்ன வேலை பார்க்கிறான், வாடகை எங்கிருந்து கொடுக்கிறான் என்றெல்லாம் கேட்கக் கூடாது. மைக்கேல் ரிச்சர்ட்ஸ் அந்த வேஷத்தில் தலையைக் காட்டினாலே ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் ஆரவாரம் செய்வார்களாம். அடுத்தவர் வசனம் பேச வழியில்லாமல், "தயவுசெய்து சும்மா இருங்கள்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவன் கதவைத் தட்டாததற்கு இவர்கள் கையைத் தட்டியிருக்கிறார்கள்.

இதில் தொழில் சூட்சுமமும் இருக்கிறது. செட்டில் மூன்று சுவர்தான், நாலாவது பக்கம் கேமராவும் ஜனங்களும். காலிங்பெல், "யாரது?", தாழ்ப்பாள் என்று போய்க்கொண்டிருந்தால் சிரிக்க நேரம் ஏது?

'சியர்ஸ்' என்று பாஸ்டன் மதுக்கடை நாடகம் ஒன்று. அதில் நார்ம் உள்ளே வந்தால் கடையே "நார்ம்!" என்று கத்தும். வீட்டில் வேரா என்று மனைவி உண்டு, முகத்தை மட்டும் காட்டவே மாட்டார்கள். 1986-இல் ஒருதரம் காட்டினார்கள், அதுவும் சாப்பாட்டை வீசி அடித்த சண்டையில் முகமெல்லாம் அப்பிக்கொண்டு. நார்மாக நடித்த ஜார்ஜ் வெண்ட் பாடுதான் பரிதாபம். நுரை நிற்பதற்காக உப்புப் போட்ட சப்பை பீரைப் பதினோரு வருஷம் குடித்திருக்கிறார். நம்ம அத்திம்பேரிடம் இதைச் சொல்லாதே.

ஆனால் என் செல்லம் மேரிதான். 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' நாடகத்து மாமியார். எதிர்வீட்டில் குடியிருந்துகொண்டு நினைத்தபோதெல்லாம் மருமகள் டெப்ராவின் சமையலறைக்கு வந்துவிடுவாள். மருமகளைத் திட்டவே மாட்டாள், பரிதாபப்படுவாள். அதற்குத் திட்டே தேவலை. டோரிஸ் ராபர்ட்ஸ் இந்த வேஷத்துக்கு நாலு எம்மி விருது வாங்கினார். நானாக இருந்தால் அஞ்சாவதும் கொடுத்திருப்பேன்.

1996-இல் வந்த முதல் கதையே அமர்க்களம். மாசாமாசம் வீட்டுக்குப் பழப்பெட்டி வருகிற மாதிரி மகன் ஏற்பாடு செய்துவிடுகிறான். பேரிக்காய் வந்து இறங்கியதும் அம்மா கூப்பாடு போடுகிறாள். இத்தனை பழத்தை என்ன செய்ய, யார் தின்ன, அடுத்த மாசமும் வருமாமே, அதற்கடுத்த மாசமுமா! இது கற்பனையே இல்லை அக்கா. நாடகத்தை உருவாக்கிய ஃபில் ரோசன்தால் தன் அம்மாவுக்குப் பேரிக்காய் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். போன தீபாவளிக்கு நான் அனுப்பிய மிக்ஸியை அம்மா இன்னும் அட்டைப்பெட்டியோடு பரண்மேல் வைத்திருக்கிறாள் என்று நீதானே எழுதினாய்? மேரி பரவாயில்லை, பெட்டியையாவது பிரித்தாள்.

இன்னொரு கதை 2003-இல் வந்தது. ஊருக்குப் போய்விட்டு வந்த ரேமண்டும் டெப்ராவும் சூட்கேசை மாடிப்படியில் வைத்துவிடுகிறார்கள். மேலே தூக்கிப்போக வேண்டியது நீதான் என்று இரண்டு பேருக்கும் வீம்பு. ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை, வாரக்கணக்கில் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள். நாற்றம் தாங்காமல் அவளே எடுக்கட்டும் என்று அவன் அதற்குள் வாடை வீசுகிற சீஸை வேறு வைக்கிறான்.

இதை நானும் உன் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் பார்த்தோம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நயாகரா போய் வந்த பெட்டி எங்கள் வீட்டுப் படியில்தான் இருக்கிறது. நான் எடுக்கப்போவதில்லை.

அன்புத் தங்கை