சிரிப்புக்குச் செய்த சிறப்பு

சென்னை மாநகரம் என்ன தவம் செய்ததோ, வளரும் நகைச்சுவை எழுத்தாளர்களுக்கென்றே ஒரு பெருவிழா இங்கே நடந்தேறியது. நுழைவுக் கட்டணம் என்னும் காணிக்கையை முன்கூட்டியே செலுத்தி, அடையாள அட்டையைக் கழுத்தில் பூண்டு, கடைசி வரிசையில் அமர்ந்து அதைத் தரிசிக்கும் பேறு அடியேனுக்கும் வாய்த்தது. கண்டதை எழுதாது போனால் செய்ந்நன்றி கொன்ற பாவம் வந்து சேரும்.

குத்துவிளக்கிலிருந்தே தொடங்குகிறேன். விளக்குக்குத் திரி ஐந்து. ஏற்ற வந்த பெருமக்கள் பன்னிருவர். திரி கிட்டாத எழுவரும் சிறிதும் மனம் கோணாமல், ஏற்றுகிறவர் முழங்கையைத் தொட்டபடி நின்று புகைப்படத்துக்கு அருள் பாலித்தனர். அடுத்து பொன்னாடைப் படலம். போர்த்தியவருக்குப் போர்த்தி, போர்த்தப்பட்டவர் மீண்டும் போர்த்தி, மேடை முழுவதும் ஜரிகை அலையடித்து ஓய்ந்தபோது உச்சிப்பொழுது. எழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் சிந்தாமல் எழுத்தாளர் விழாவின் முற்பகலை நிறைத்த அந்த ஆற்றல் எளியோர்க்குக் கைகூடுமா? பசியின் அருமையை உணர்த்தச் சாப்பாட்டையும் தாமதமாகவே அளித்தார்கள். நாகையில் காத்தான் சத்திரத்துச் சோற்றுக்குக் காத்திருந்த காளமேகத்துக்குப் பாட்டு பிறந்ததே! இங்கும் யாருக்கேனும் பிறக்கட்டும் என்ற இலக்கியக் கருணையன்றி இதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

பிற்பகலில் எழுந்தருளினார் சிறப்பு விருந்தினர், திரையுலகின் சிரிப்புச் செல்வர். "எழுதிக் குடுக்கறத நான் பாக்கறதே இல்ல. ஸ்பாட்ல என்ன வருதோ அதான் காமெடி" என்று திருவாய் மலர்ந்தார். எதிரே முந்நூறு எழுத்தாளர்கள். அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தம் தொழிலே தேவையற்றது என்று அருளியவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் பெருந்தன்மை கொத்தனாருக்கு உண்டா, தச்சருக்கு உண்டா?

இதில் மரபின் தொடர்ச்சியையும் காண்கிறேன். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தை அறியாத தமிழர் இலர். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் லைட்டையும் அப்படியே. அவற்றை எழுதிய ஏ. வீரப்பனை அறிந்தவர் எத்தனை பேர்? புகழ் என்னும் பாரத்தை எழுதுகிறவன் தலையில் ஏற்றாமல், நடிகரே முன்வந்து முழுவதையும் சுமந்துகொள்ளும் தியாகம் நம் திரையுலகுக்கே உரியது. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குச் சொன்ன பேய்க்கதை நினைவிருக்கும். ஸ்ரீதரோடு உட்கார்ந்து எழுதிய சித்ராலயா கோபுவை நினைத்து எவரும் தூக்கம் கெடுத்துக்கொள்வதில்லை. கிரேசி மோகன் ஒருவர்தான் நாடக மேடையில் தம் பெயரைப் பெரிதாக எழுதிப் பழகி, திரைக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அப்படியொரு விபத்து மீண்டும் நேராதபடி விழாக் குழுவினர் கண்ணிமைக்காமல் காவல் காக்கிறார்கள்.

பயிலரங்கோ ஞானக் களஞ்சியம். நகைச்சுவையின் பரம ரகசியங்கள் அனைத்தையும் பயிற்றுநர் பெருந்தகை ஒரே பலகையில் எழுதி முடித்தார்: குண்டு, கறுப்பு, வழுக்கை, திக்குவாய், புடவை கட்டிய ஆண், மனைவி, மாமியார். எத்தனை சிக்கனம்! சிந்திக்க வேண்டியதில்லை, கவனிக்க வேண்டியதில்லை. தெருவில் போகிறவரின் உடம்பைப் பார்த்தால் போதும். இந்தச் சாஸ்திரம் தெரியாமல்தானே கலைவாணர் அவதிப்பட்டார்! நந்தனார் காலட்சேபத்தைக் கிந்தனார் ஆக்கி, சேரிச் சிறுவனைப் படிக்க வைத்து அதிகாரியாக்கி, சாதிப் பெருமையைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். சோவும் 1968இல் முகமது பின் துக்ளக்கை மேடையேற்றி, நாற்காலியில் இருந்தவர்களைச் சீண்டினார். இருவரும் திருப்பி அடிக்கக் கூடியவர்களோடு மோதிய அவசரக்காரர்கள். திருப்பி அடிக்க இயலாதவரை மட்டுமே தேர்ந்தெடுக்கும் புதிய முறையில் வீரமும் உண்டு, காயமும் இல்லை.

இளம்பெண் ஒருவர் எழுந்து, "இதுல சிரிக்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். பெருந்தகை ஒரு கணமும் தடுமாறவில்லை. "பொண்ணுங்களுக்கு ஹ்யூமர் சென்ஸ் கம்மின்னு நான் சொல்லலம்மா, நீங்களே சொல்லிட்டீங்க." அரங்கம் அதிர்ந்தது. கேட்டவரையே விடையாக்கி உட்கார வைக்கும் இந்த மதிநுட்பத்தின் முன் தருக்க நூல்கள் தலைகுனிய வேண்டும்.

விழாவின் ஆன்மிகச் சிகரம், வாசலருகே இருந்த பெட்டி. தங்கள் ஸ்கிரிப்டை அதில் இட்டு, "இதன் மீது எனக்கு எவ்வித உரிமையும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். பெற்றெடுத்த பிள்ளை மீதுள்ள பற்றைக்கூட ஒரே கையெழுத்தில் அறுத்துத் தரும் மடம் வேறெங்கே இருக்கிறது? தேர்வு பெறுகிறவருக்கு டிஸ்கஷன் அறையில் மூலையில் அமரும் பாக்கியம் சித்திக்கும். ஊதியம் என்னும் இழிபொருளால் அவர் கலை மாசுபடாது. டீ உண்டு, தயாரிப்பாளர் திருவுள்ளம் கனிந்த நாட்களில் பேட்டாவும் உண்டு. டைட்டில் கார்டில் பெயர் கேட்கும் அகந்தை மட்டும் ஆகாது.

நிறைவாக, சிறந்த எழுத்தாளருக்கான விருது. விழாவுக்குப் பொருளுதவி செய்த வள்ளலின் சகோதரி மகன் அதைப் பெற்றார். அவர் படைத்தளித்த துணுக்கு, நம் அனைவரின் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் முன்பே வலம்வந்து பெயர் பெற்றது. புதிய துணுக்கென்றால் புரிந்துகொண்டு, பிறகு சிரித்து, நடுவர் பெருமக்கள் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள்! பழகியதைக் கொடுத்து அவர்களைக் காத்த இளைஞரின் மனிதாபிமானத்துக்கு ஒரு கேடயம் போதாது.

குறையே சொல்லாத புகழ்ச்சியை உலகம் நம்பாது என்பதால் ஒன்றே ஒன்று. இத்தனைக்குப் பிறகும் சிலர் கையில் நோட்டோடும் மனத்தில் சொந்தமாக ஒரு நகைச்சுவையோடும் அரங்குக்குள் உலவிக்கொண்டிருந்தார்கள். தூய வெண்பட்டில் மைத்துளி போல அது கண்ணை உறுத்தியது. அடுத்த ஆண்டு அமைப்பாளர் பெருமக்கள் காணிக்கையை வாசலிலேயே பெற்றுக்கொண்டு, எழுத்தாளர்களை அங்கிருந்தே ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டால், இந்த விழாவில் பழுது சொல்ல ஒருவரும் மிஞ்சமாட்டார்.